வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை: நம்ம வடஆற்காட்டுக் கலைகளைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது?

அணைக்கட்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அணைக்கட்டுப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கலைக்கு என்று விட்டிருக்கிறோம், அதில் இந்த வருஷம் நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கலாம் என்று தலைமை ஆசிரியரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஆண்டு விழாவில் மேடையேற்றுவதற்காக இல்லை. கலைத் திருவிழா அறிவிப்பு வந்தால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்: பென்டிரைவில் ஒரு சினிமாப் பாட்டு, வாடகைக்கு எடுத்த கண்டாங்கிச் சேலை, யூடியூபில் பார்த்த ஸ்டெப். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். ஆனால் அதே பிள்ளையின் தெருவில் ஆடி மாசம் பம்பை அடிக்கிறார்கள், மாசியில் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டுகிறார்கள், பக்கத்து ஊர் திரௌபதை அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. அதற்கும் பள்ளிக்கூடத்தில் ஆடுவதற்கும் ஒட்டே இல்லை. 1806 வேலூர்ப் புரட்சிப் பாடம் நடத்துகிறேன், பஸ் ஏறினால் கோட்டை, ஆனாலும் பிள்ளைகளுக்கு அது வேறு யாருடைய கதையோ மாதிரிதான் இருக்கிறது.

எனக்குப் பாடவும் தெரியாது, ஆடவும் தெரியாது. எந்தக் கலையில் இருந்து தொடங்கலாம், யாரைக் கூப்பிடலாம், எந்த மாதம் கூப்பிட்டால் வருவார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. பறை என்று பேச்சை எடுத்ததுமே பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா “அது சாவுக்கு அடிக்கிறது டீச்சர், என் பிள்ளை கையில குடுக்காதீங்க” என்றார். அம்மன் பாட்டு என்றால் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூத்து என்றால் பெண் பிள்ளைகளை ஆட விடுவார்களா என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செய்யாறுக்காரன்:

டீச்சர், கூத்தில் இருந்து தொடங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். 1989-இல் பிரிப்பதற்கு முன்னால் வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வடஆற்காடுதான், இந்த மண்ணின் பெரிய கலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் தெருக்கூத்தைத்தான் சொல்வேன். எங்கள் செய்யாற்றுப் பக்கம் புரிசை இருக்கிறது, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை. தலைமுறை தலைமுறையாகக் கூத்து நடத்துகிற குடும்பம், அந்த ஊர்ப் பெயர் வெளிநாடு வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, உங்கள் பக்கத்திலேயே ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, இருக்கும். திரௌபதை அம்மன் கோயில் தர்மகர்த்தாவைக் கேளுங்கள், போன வருஷம் பாரதக் கூத்துக்கு யாருக்குத் தாம்பூலம் வைத்து ஏற்பாடு செய்தார்கள் என்று சொல்வார்.

பிள்ளைகளுக்கு முழு இரவுக் கூத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரிந்து வகுப்பறைக்கு உடனே பொருந்துவது இரண்டு. ஒன்று திரைப் பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரையை விலக்கி வெளியே வருவார் இல்லையா, அதற்கு ஒரு பழைய போர்வை போதும். கூச்சப்படுகிற பிள்ளைக்குத் திரை பெரிய துணை. முகம் தெரியாமல் முதலில் குரல்தானே வரப்போகிறது, அதனால் பயமில்லாமல் பாடும். இரண்டாவது கட்டியக்காரன், கூத்தில் வருகிற கோமாளி. ராஜாவே வந்தாலும் “யாருங்க நீங்க, எந்த நாடு, எதுக்கு இந்தப் பக்கம் வந்தீங்க” என்று கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு. பாரதக் கதை நடுவில் ரேஷன் கடையையும் இழுப்பான், ஊர்ப் பஞ்சாயத்தையும் இழுப்பான். இதை அப்படியே உங்கள் 1806 பாடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் வேஷத்தில் ஒரு பிள்ளை திரை தாண்டி வரட்டும். கட்டியக்காரன் கேட்கட்டும்: “புதுசா தலைப்பாகை குடுத்தாங்களாமே, ஏன் போட மாட்டேன்ற?” தோல் பட்டை வைத்த தலைப்பாகை, தாடி மீசை மேல் கட்டுப்பாடு, நெற்றியில் மதக்குறி கூடாது என்ற உத்தரவு, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே தன் வாயால் சொல்லும். அடுத்து திப்புவின் மகன் ஒருவன் வரட்டும், கோட்டைக்குள் ஏன் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவனைக் கேட்கட்டும். ஆற்காட்டில் இருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியையும் நிறுத்திக் கேட்கலாம். கேள்விகளைப் பிள்ளைகளே தயாரிக்க வேண்டும், நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கேள்வி கேட்கத்தான் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

பெண் பிள்ளைகள் பற்றிக் கேட்டீர்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் (தெருக்கூத்துக்கு இன்னொரு பெயர் கட்டைக்கூத்து) 2002-இல் இருந்து 2020 வரைக்கும் ஒரு குருகுலம் நடத்தியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள், அதில் பெண் பிள்ளைகளும் கட்டை, அதாவது மரத்தாலான வேஷ அணிகள், கட்டி ஆடினார்கள். அதுவரை ஆண்களே பெண் வேஷம் கட்டிய கலை இது. பெற்றோரிடம் நீங்கள் கையோடு எடுத்துச் சொல்லக்கூடிய உதாரணம்.

நேரம் முக்கியம். பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் யாரையும் கூப்பிடாதீர்கள், இராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலில் படுத்தால்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும். ஐப்பசி, கார்த்திகையில் கேளுங்கள், மழைக்காலம், வேலை குறைவு, வருவார்கள்.

பம்பைவீடு (குடியாத்தம்):

செய்யாறு அண்ணன் சொன்னது சரி, ஆனா நான் வேற ஒன்றைச் சொல்லணும். எங்க தாத்தா, அப்பா இரண்டு பேரும் பம்பைக்காரர்கள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலமாக வருகிறபோது குடியாத்தத்தில் நீங்கள் கேட்கிற சத்தத்தில் எங்கள் வீட்டுச் சத்தமும் இருக்கும். நான் படித்துவிட்டு ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன், லீவு போட்டுக்கொண்டு வந்து அடிப்பேன்.

பள்ளிக்கூடத்தில் இருந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. கலெக்டர் வருகிறார், வாசலில் நின்று அடியுங்கள் என்றார்கள். அடித்தார். மேடையில் நாட்டுப்புறக் கலையின் பெருமை என்று அரை மணி நேரம் பேசினார்கள், அவர் வெயிலில் வெளியே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒரு துண்டு போர்த்தி அனுப்பிவிட்டார்கள், பஸ் சார்ஜ் கூடக் கொடுக்கவில்லை. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன் டீச்சர், யாரைக் கூப்பிட்டாலும் முதலில் கூலி என்ன என்று பேசுங்கள். அன்றைக்கு வேறு வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பிள்ளைகள் அவரை “சார்” என்றோ “வாத்தியார்” என்றோ கூப்பிட வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்க நினைக்கிற பாரம்பரியத்தில் பாதி அந்த நாற்காலியிலேயே இருக்கிறது.

இப்ப பம்பைக்கு வருகிறேன். பம்பை என்றால் ஒன்று இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம், ஒன்று பித்தளை, ஒன்று மரம். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிப்பது. கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. கைச்சிலம்பு பிள்ளைகளுக்கு ரொம்பப் பொருத்தம். வளையம் மாதிரி இருக்கும், உள்ளே பரல், கையில் பிடித்துக்கொண்டு ஆடுவது. கனமில்லை, விலையும் பெரிதில்லை, தாளம் தப்பினால் உடனே காதுக்குத் தெரிந்துவிடும். முதல் மாதம் முழுக்கக் கைதட்டலும் சிலம்பும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மேளம். ஆனா வர்ணிப்பு என்று ஒன்று பாடுவோம், அம்மனைக் கூப்பிடுகிற பாட்டு, கரகம் ஜோடிக்கிறபோது பாடுவது. அதை வகுப்பில் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். அதற்கு உரிய இடம் வேறு, கேட்கிற ஆள் மேல் சாமி வரும். தாளத்தைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மற்ற மதத்துப் பிள்ளைகள் பற்றிய உங்கள் கவலையும் அதில் பாதி தீரும்.

காட்பாடி அப்பா:

தவறாக நினைக்க வேண்டாம், நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். என் மகள் எட்டாவது படிக்கிறாள், போன வருஷம் கலைத் திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடி மாவட்ட அளவுக்குப் போனாள். ஒயிலாட்டம் நம்ம பக்கத்துக் கலை இல்லை, தென்மாவட்டத்துக் கலை, தெரியும். ஆனால் அவளுக்கு அதில் ஒரு தைரியம் வந்தது, நாலு பேர் முன்னால் நிற்கப் பழகினாள். வாரம் ஒரு பாடவேளையில் கூத்து, பம்பை, பறை, கும்மி என்று எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் முழுசாக வராது. பிள்ளைக்கு ஒன்று முழுசாகத் தெரிந்தால் போதும், அது எந்த மாவட்டத்துக் கலையாக இருந்தால் என்ன, எல்லாம் தமிழ்க் கலைதானே. போட்டியில் என்ன எடுபடும் என்பதையும் டீச்சர் யோசிக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சான்றிதழ் ஒரு ஊக்கம்.

அணைக்கட்டு டீச்சர்:

சார், உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். ஒரே கலையை முழுசாக எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அது என் மனதில் இல்லாமல் இருந்தது. ஆனால் எந்த மாவட்டத்துக் கலை என்றால் என்ன என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒயிலாட்டம் ஆடிய பிள்ளை வீட்டுக்குப் போய் “இது என்ன ஆயா, உனக்குத் தெரியுமா” என்று கேட்டால் ஆயாவுக்குத் தெரியாது. கைச்சிலம்பையோ கூத்துப் பாட்டையோ கொண்டுபோனால், ஆயாவுக்கு நம்மைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். பிள்ளை வீட்டில் கேட்க ஆரம்பிக்க வேண்டும், என் ஆசை அதுதான்.

ஆரணி தமிழாசிரியர் (ஓய்வு):

அந்த ஆயாவை விட்டுவிடாதீர்கள் அம்மா. நான் பணியில் இருந்தபோது பிள்ளைகளை வீட்டுப் பாடமாகப் பாட்டுக் கேட்டு வரச் சொல்வேன். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் வந்தன. இப்போது செல்போன் இருக்கிறது, பதிவு செய்துகொண்டே வரலாம், பாடியவர் பெயர், வயது, எந்த வேலை செய்யும்போது பாடியது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சான்று எங்கே கிடைக்கும்?

முதலில் தேட வேண்டியது ஏற்றப் பாட்டு. நம் மாவட்டம் ஆற்றுப் பாசனத்தை நம்பி இருந்த மாவட்டம் இல்லை, ஏரியும் கிணறும்தான். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே அபூர்வம். கிணற்றில் ஏற்றம் போட்டு, மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் மிதித்து நடக்க, கீழே ஒருவர் சால் என்கிற இறைக்கும் பாத்திரத்தைப் பிடித்து இறைப்பார். ஒரு சாலுக்கு ஒரு அடி என்று பாட்டு ஓடும், எத்தனை சால் இறைத்தார்கள் என்ற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். கணக்கும் பாட்டும் ஒன்றாக நடந்த இடம் அது. பம்புசெட் வந்ததும் ஏற்றம் நின்றது, ஏற்றம் நின்றதும் பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை உடம்பால் மிதித்துப் பாடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கூத்து இன்னும் நடக்கிறது, பம்பை இன்னும் அடிக்கிறார்கள், அவற்றை அடுத்த வருஷம் கூடக் கற்றுக்கொள்ளலாம். இவர்களை இந்த வருஷமே கேட்டுவிட வேண்டும்.

பழைய பாட்டைச் சேகரிப்பதோடு நிற்க வேண்டாம். கும்மி மெட்டு கையில் கிடைத்துவிட்டால் பிள்ளைகள் சொந்தமாகக் கட்டுவார்கள். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் என் பேத்தியும் அவள் தோழிகளும் திண்ணையில் உட்கார்ந்து கட்டியது இது, நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை:

பாலாறு வந்தது பாருங்கடி - நம்ம
பாட்டி குளிச்சதைக் கேளுங்கடி
ஊத்துத் தோண்டின கையினிலே - இன்னும்
ஒட்டின மண்ணிருக்கு காட்டுங்கடி

ஊத்து என்றால் என்ன, ஆற்று மணலில் தோண்டினால் தண்ணீர் ஏன் வந்தது, இப்போது ஏன் வருவதில்லை, மணல் எங்கே போயிற்று, தோல் தொழிற்சாலைக் கழிவு தண்ணீரை என்ன செய்தது என்று ஒரு மாதத்துப் பாடம் இந்த நாலு அடியில் இருக்கிறது.

ஆம்பூர் நூர்:

மற்ற மதத்துப் பிள்ளைகள் என்று டீச்சர் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உருது, தெருவில் தமிழ், என் பையன் ஏழாவது. டீச்சர், தேசிங்கு ராஜன் கதையை எடுங்கள். செஞ்சிக் கதையாயிற்றே என்று நினைப்பீர்கள், ஆனால் அவன் எதிர்த்து நின்றது ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை. 1714-இல் நடந்த சண்டை. அவனுடைய ராணி உடன்கட்டை ஏறிய நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று இங்கே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். ராணிப்பேட்டை பஸ்ஸில் தினம் போகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கதைப்பாட்டில் தேசிங்கின் உயிர் நண்பன் ஒரு முஸ்லிம், தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகக் குதிரை ஏறி வந்து உயிரை விட்டவன். எதிரியும் முஸ்லிம், நண்பனும் முஸ்லிம், ராஜா ரங்கநாதரைக் கும்பிடுகிறவன். இதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்குச் சண்டை ஏன் நடந்தது, வரிக்காகவா மதத்துக்காகவா என்று யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டாம். என் பையனுக்கு அந்தக் குதிரைகளின் பெயர் இரண்டும் மனப்பாடம், பாராசாரி, நீலவேணி. அவனைப் பாட வையுங்கள், பாடுவான். அம்மன் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கதைக்கும் தாளத்துக்கும் வருகிறோம், பூஜை என்று ஆனால் அந்த நேரத்துக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

பறைத்தோழி:

பறை பற்றி யாரும் பேசவில்லையே, நானே பேசுகிறேன். அந்த அம்மா “சாவுக்கு அடிக்கிறது” என்று சொன்னதில் சாவு மட்டும் இல்லை, யார் அடிக்கிறார்கள் என்பதும் இருக்கிறது என்று டீச்சருக்கே தெரியும். நான் சென்னையில் போய்ப் பறை கற்றுக்கொண்டு வந்து இப்போது வாலாஜா பக்கம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிகளில் நான் பார்த்த ஆபத்து ஒன்றே ஒன்று: பறையைக் கொண்டுவந்ததும் “உனக்குத்தான் வருமே” என்று காலனிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கும்மி சொல்லிக்கொடுப்பது. அப்படிச் செய்வதற்குப் பறையை உள்ளே கொண்டுவராமல் இருப்பதே மேல். தெருவில் இருக்கிற பிரிவினையைப் பள்ளிக்கூடமே மேளம் அடித்துச் சொன்னதாகிவிடும்.

அதனால் விதி ஒன்றை முதல் நாளே வையுங்கள். எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் தொட வேண்டும். எல்லாப் பிள்ளையும் வைக்கோல் தீமூட்டிப் பறையைக் காய்ச்சக் கற்றுக்கொள்ள வேண்டும், தோல் இறுகும்போது ஓசை எப்படி மாறுகிறது என்று காது வைத்துக் கேட்க வேண்டும், அது அறிவியல் பாடம். அடிக்குச்சி ஒரு கையில், சிம்புக்குச்சி ஒரு கையில், இரண்டும் வேறு வேறு வேலை செய்யும், அதில் கை பழக ஒரு மாதம் ஆகும். முதலில் ஆசிரியர்கள் நீங்கள் தோளில் மாட்டி அடியுங்கள், தலைமை ஆசிரியரையும் அடிக்க வையுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அதைக் காட்டுங்கள். பேசிப் புரிய வைப்பதைவிட அது வேகமாக வேலை செய்யும், நான் பார்த்திருக்கிறேன்.

பம்பைவீடு (குடியாத்தம்):

தோழி சொன்னதற்கு நூறு கும்பிடு. பம்பைக்கும் இதே விதிதான் டீச்சர்.

அணைக்கட்டு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, படிக்கப் படிக்க எழுதிவைத்துக்கொண்டே இருந்தேன். நேற்று தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடமும் பேசிவிட்டேன். இந்த வருஷத்துக்கு ஒரே கலை, கூத்து. கைச்சிலம்பும் பறையும் அதற்குப் பின்னணியாக வரும், அதை எல்லாப் பிள்ளையும் மாற்றி மாற்றி அடிப்பார்கள், தோழி சொன்ன விதி சுவரில் எழுதி ஒட்டப்படும். ஐப்பசி வரைக்கும் வாத்தியார் வர மாட்டார் என்பதால் அதுவரைக்கும் பிள்ளைகள் பாட்டுச் சேகரிக்கட்டும், ஐயா சொன்னபடி ஏற்றம் இறைத்த பெரியவர்கள் முதலில். எங்கள் ஊரிலேயே மேலத்தெருவில் ஒருவர் இருக்கிறாராம், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் “எங்க தாத்தாதான் டீச்சர், ஆனா யாரும் கேக்காததால பாடுறதில்ல” என்றான். வாத்தியாருக்குக் கூலி மேலாண்மைக் குழு மூலமாகவும், போதாததற்கு நாங்கள் ஆசிரியர்கள் போட்டும் கொடுப்பதாக முடிவு, பம்பைவீட்டுத் தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து ஜமாவில் ஆர்மோனியம், மத்தளம், தாளம் இருக்கிறது, முகவீணை (நாதஸ்வரம் மாதிரி சின்ன ஊதுகருவி) வாசிக்க ஆள் இல்லை என்கிறார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா சுற்றுவட்டத்தில் யாராவது வாசிக்கிறவர் இருக்கிறாரா?

செய்யாறுக்காரன்:

முகவீணைக்காரர்கள் இப்போது குறைவுதான் டீச்சர், பல ஜமாவில் ஆர்மோனியத்தை வைத்தே சமாளிக்கிறார்கள். கண்ணமங்கலம் பக்கம் ஒருவர் வாசிக்கிறார், படவேட்டு ஆடித் திருவிழாவில் அவரைப் பார்ப்பேன். அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். வயசானவர், பஸ்ஸில் வரச் சொல்லாதீர்கள், போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.